தொழிலுக்குள் ஐ.டி.யைக் கொண்டுவருவது எப்படி: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

"நம்ம தொழிலுக்கு எந்த சாஃப்ட்வேர் நல்லது?" பெரும்பாலானோர் இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறார்கள். சாஃப்ட்வேரின் பெயர் கடைசியில் வரவேண்டிய பதில். அதற்கு முன் முடிக்கவேண்டிய வேலைகள் நிறைய இருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்குத் தாளும் பேனாவுமே போதும்.

வணிகத்தில் தகவல் தொழில்நுட்பம், அதாவது ஐ.டி., என்றால் கம்ப்யூட்டர், மென்பொருள், நெட்வொர்க், தரவு, அவற்றைக் கையாளும் ஆட்கள், அவர்கள் பின்பற்றும் நடைமுறை எல்லாம் அடங்கும். இத்தனையும் சேர்ந்து செய்யவேண்டிய காரியம் ஒன்றுதான். ஒரு விஷயம் எங்கே நடக்கிறதோ அங்கேயே ஒருமுறை, சரியாகப் பதிவாக வேண்டும். அதை வைத்து வேலை பார்ப்பவருக்கும் முடிவெடுப்பவருக்கும் தேவைப்படும் நேரத்தில் அது கையில் கிடைக்க வேண்டும். விற்றது கிடங்குக்குத் தெரியவேண்டும், கிடங்கில் குறைந்தது கொள்முதலுக்குத் தெரியவேண்டும், பணம் வந்தது விற்பனை ஆளுக்குத் தெரியவேண்டும். இது நடந்தால் உங்கள் நிறுவனத்தில் ஐ.டி. இருக்கிறது. நடக்காவிட்டால், எத்தனை கம்ப்யூட்டர் வாங்கிப் போட்டிருந்தாலும் இருப்பது வெறும் டைப் அடிக்கும் வசதி.

வணிகக் கணக்குக்காகக் கம்ப்யூட்டரை முதன்முதலில் வழக்கமாக ஓட்டிய நிறுவனம் கம்ப்யூட்டர் கம்பெனி இல்லை. பிரிட்டனில் தேநீர்க் கடைகளும் பேக்கரிகளும் நடத்திய ஜே. லயன்ஸ் நிறுவனம், லியோ என்ற இயந்திரத்தைத் தானே உருவாக்கி, 1951 நவம்பரில் தன் பேக்கரி உற்பத்தியின் மதிப்பைக் கணக்கிடும் வேலையை அதில் ஓட்டியது. அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது என்பதைக் கவனியுங்கள். அலுவலகத்தில் எந்தச் சீட்டு யாரிடமிருந்து யாருக்குப் போகிறது, எந்த வேலை இரண்டு தடவை நடக்கிறது என்று ஆராய்வதற்கென்றே 1930களிலிருந்து அங்கே தனிப் பிரிவு இருந்தது. கம்ப்யூட்டர் வந்தபோது அதற்கு என்ன வேலை கொடுப்பது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்திருந்தது. நாமும் அந்த வரிசையில்தான் போகப்போகிறோம்.

படி 1: ஒரே ஒரு ஆர்டரின் பின்னால் போய்ப் பாருங்கள்

இந்தக் கட்டுரையில் வேறெதையும் செய்ய நேரமில்லை என்றாலும் இதை மட்டுமாவது செய்யுங்கள். நேற்று வந்த ஆர்டர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அது வந்ததிலிருந்து பணம் வங்கியில் சேரும்வரை எந்தெந்தக் கைகளைத் தாண்டியது என்று, அந்தந்த ஆட்களிடமே போய் உட்கார்ந்து பாருங்கள். மேலாளரைக் கேட்டால் வேலை எப்படி நடக்கவேண்டும் என்று சொல்வார். எப்படி நடக்கிறது என்பது அந்த இருக்கையில் இருப்பவருக்குத்தான் தெரியும்.

நாற்காலி செய்து விற்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். போனில் 40 நாற்காலிக்கு ஆர்டர் வருகிறது. எடுத்தவர் நோட்டில் எழுதுகிறார். பிறகு கிடங்குக்கு மெசேஜ் அனுப்புகிறார். கிடங்கில் அதைப் பார்த்து ஒரு சீட்டில் எழுதுகிறார்கள். பில் போடுபவர் மெசேஜைப் பார்த்துத் திரும்பவும் டைப் செய்கிறார். மாதக் கடைசியில் கணக்காளர் அந்த பில்லைப் பார்த்துப் பேரேட்டில் ஏற்றுகிறார். ஒரே ஆர்டர் ஐந்து இடத்தில் எழுதப்பட்டுவிட்டது. வாடிக்கையாளர் பெயர் ஓரிடத்தில் இனிஷியலோடும், ஓரிடத்தில் இல்லாமலும், ஓரிடத்தில் அவருடைய கம்பெனி பெயராகவும் இருக்கிறது. பிறகு 40ஐ 35 ஆக்கச் சொல்லி அவர் போன் செய்தால், ஐந்தில் எத்தனை இடத்தில் திருத்தம் போய்ச் சேரும்?

இதை ஒரு பெரிய தாளில் வரையுங்கள். தகவல் எழுதப்படும் ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு கட்டம், ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குப் போகும் வழிக்கு ஒரு கோடு. எங்கே வேலை காத்துக் கிடக்கிறதோ அங்கே ஒரு குறி.

கூடவே இன்னொரு பட்டியலும் போடுங்கள். ஒரு வாரத்துக்கு, ஆட்கள் ஒருவரையொருவர் போன் செய்து கேட்கும் கேள்விகளைக் குறித்து வையுங்கள். "சரக்கு இருக்கா?", "பணம் வந்துடுச்சா?", "வண்டி கிளம்பிடுச்சா?", "போன தடவை என்ன ரேட் கொடுத்தோம்?" ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வந்தால், அந்தத் தகவல் எங்கோ இருக்கிறது, தேவைப்படுபவரின் கைக்கு மட்டும் வரவில்லை என்று அர்த்தம். ஐ.டி. முதலில் நுழையவேண்டிய இடம் அதுதான். ஆலோசகர்கள் கொடுக்கும் தடிமனான அறிக்கைகளைவிட இந்த ஒற்றைத் தாளின்மேல்தான் எனக்கு நம்பிக்கை அதிகம்.

படி 2: ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்து, இன்றைய நிலையை எழுதி வையுங்கள்

பட்டியலில் அதிகத் தொல்லை தரும் ஒன்றை மட்டும் எடுங்கள். "சரக்கு இருக்கா?" என்பது அது என்று கொள்வோம். இன்று அதற்குப் பதில் கிடைக்க எவ்வளவு நேரமாகிறது, இருக்கிறது என்று சொல்லிவிட்டு இல்லாமல்போன ஆர்டர்கள் ஒரு மாதத்தில் எத்தனை என்று குறித்துவையுங்கள். இந்த எண் இல்லாவிட்டால், ஆறு மாதம் கழித்து செலவு செய்தது பலன் தந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்ற ஆசை வரும். வேண்டாம்.

படி 3: தரவை ஒழுங்குபடுத்துங்கள்

பெரும்பாலான முயற்சிகள் தட்டுத்தடுமாறும் இடம் இது. அதனால் இங்கே கொஞ்சம் நிதானமாகவே போவோம்.

1970இல் ஐ.பி.எம். நிறுவனத்தில் இருந்த எட்கர் காட், தரவை ஒன்றோடொன்று தொடர்புள்ள அட்டவணைகளாக வைக்கும் முறையை முன்வைத்தார். இன்றைய கணக்கு மென்பொருள்களில் பெரும்பாலானவற்றின் அடியில் அந்த யோசனைதான் ஓடுகிறது. அதன் நடைமுறைச் சாரம் இதுதான்: ஒரு தகவலுக்கு ஒரே வீடு. வாடிக்கையாளரின் முகவரி வாடிக்கையாளர் பட்டியலில் மட்டும் இருக்கும். பில்லில் அவருடைய குறியீட்டு எண் இருந்தால் போதும், முகவரியை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். அவர் இடம் மாறினால் ஓரிடத்தில் திருத்தினால் போதும். (ஏற்கெனவே கொடுத்துவிட்ட பில்லில் மட்டும் அன்றைய விலையும் அன்றைய முகவரியும் அப்படியே நிற்கவேண்டும். அது நடந்து முடிந்ததற்கான சாட்சி.)

முதலில் மூன்று பட்டியல் போதும்: வாடிக்கையாளர்கள், பொருள்கள், சப்ளையர்கள். ஒவ்வொன்றுக்கும் மாறாத ஒரு குறியீடு கொடுங்கள். அந்தக் குறியீட்டுக்குள் நிறம், வகை, கிடங்கு என்று அர்த்தங்களைத் திணிக்காதீர்கள். பொருள் வேறு கிடங்குக்குப் போனதும் குறியீடு பொய்யாகிவிடும். வெறும் வரிசை எண்ணே நல்லது.

எக்செல்லில் தொடங்கினால் சில பழக்கங்களை முதல் நாளே பிடித்துக்கொள்ளுங்கள். ஒரு வரிசையில் ஒரு பொருள். ஒரு நெடுவரிசையில் ஒரே வகைத் தகவல். "40 பெட்டி" என்று ஒரே கட்டத்தில் எழுதாமல், 40 ஒரு கட்டத்திலும் பெட்டி அடுத்த கட்டத்திலும் வரவேண்டும், இல்லாவிட்டால் கூட்டவே முடியாது. போன் நம்பரையும் குறியீட்டு எண்ணையும் எழுத்தாக வடிவமைத்து வையுங்கள். எண்ணாக விட்டால் முன்னால் உள்ள பூஜ்யத்தை எக்செல் விழுங்கிவிடும். தேதியை 2025-04-03 என்று ஆண்டு, மாதம், நாள் வரிசையில் எழுதுங்கள். 03/04 என்று எழுதினால் சிலர் ஏப்ரல் 3 என்றும் சிலர் மார்ச் 4 என்றும் படிப்பார்கள். கடன் கெடு தேதியில் இந்தக் குழப்பம் வந்தால் ஒரு மாதப் பணம் தள்ளிப்போகும்.

தவறாகப் போட்ட பதிவை அழிக்காதீர்கள். அதை ரத்து செய்யும் இன்னொரு பதிவைப் போடுங்கள். கணக்காளர்களுக்கு இது பழைய பாடம். லூகா பாசியோலி 1494இல் வெனிஸில் அச்சிட்ட நூலில் இரட்டைப் பதிவு முறையை (ஒவ்வொரு வரவு செலவையும் இரண்டு கணக்கில் எழுதும் முறை) விளக்கிய காலத்திலிருந்து, எழுதியதைச் சுரண்டாத பேரேட்டுக்குத்தான் மதிப்பு.

எக்செல் மோசமான கருவி என்று நான் சொல்லமாட்டேன். தொடக்கத்துக்கு அதைவிட நல்ல கருவி இல்லை. ஆனால் அதன் எல்லை தெரிந்திருக்கவேண்டும். 2020 இலையுதிர் காலத்தில் இங்கிலாந்தின் பொதுச் சுகாதார அமைப்பு, பரிசோதனைக் கூடங்களிலிருந்து வந்த கொரோனா முடிவுகளைப் பழைய எக்செல் வடிவக் கோப்புகளில் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வடிவம் ஒரு தாளில் 65,536 வரிசைகளுக்கு மேல் ஏற்காது. மிஞ்சியவை சத்தமில்லாமல் விடுபட்டன. ஏறத்தாழ 16,000 தொற்றாளர்களின் விவரம் அன்றாடக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தாமதமானது. எங்கேயும் எச்சரிக்கை மணி அடிக்கவில்லை என்பதுதான் இதில் பயங்கரம்.

புதிய எக்செல் 10,48,576 வரிசை வரை தாங்கும். உங்கள் தொழிலுக்கு வரிசை போதாமல் போவதற்கு முன்பே வேறு அறிகுறிகள் தெரியும். இரண்டு பேர் ஒரே கோப்பை ஒரே நேரத்தில் திருத்த வேண்டியிருக்கும். "ஃபைனல்", "ஃபைனல் 2", "ஃபைனல் புதுசு" என்று கோப்புகள் பெருகும். ஒரு எண் மாறியிருக்கும், மாற்றியது யார் என்று தெரியாது. இவற்றில் ஒன்று வந்துவிட்டாலே தரவுத்தளம் (காட் சொன்னபடி தொடர்புள்ள அட்டவணைகளில் தரவை வைக்கும் அமைப்பு) உள்ள மென்பொருளுக்குப் போகும் நேரம் வந்துவிட்டது.

படி 4: இப்போது மென்பொருளைத் தேடுங்கள்

கணக்கு, சம்பளம், ஸ்டாக், பில் ஆகியவற்றுக்கு ரெடிமேடாகக் கிடைப்பதையே வாங்குங்கள். ஆயிரக்கணக்கான நிறுவனங்கள் பயன்படுத்தி, குறைகள் தேய்ந்து வந்தவை அவை. உங்களுக்காகத் தனியாக எழுதச் சொல்வது, உங்கள் தொழிலை மற்றவர்களிடமிருந்து வேறுபடுத்தும் அந்த ஒரு வேலைக்கு மட்டும் இருக்கட்டும். எழுதிக்கொடுத்த ஆள் போய்விட்டால் அதைத் தொட யாரும் இருக்கமாட்டார்கள் என்பதையும் யோசியுங்கள்.

விற்பவர் காட்டும் டெமோவில் எல்லாம் அழகாக ஓடும். உங்களுடைய போன வாரத் தரவைக் கொடுத்து ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். பாதி திரும்பிவந்த சரக்கு, இரண்டு தவணையில் வந்த பணம், பில் போட்டபின் மாறிய விலை என்று சிக்கலானவையாகப் பொறுக்கிக் கொடுங்கள். அப்போதுதான் உண்மை தெரியும்.

பிறகு இவற்றைக் கேளுங்கள். என் தரவு முழுவதையும் வேறு மென்பொருளில் திறக்கும்படி, சி.எஸ்.வி. போன்ற பொது வடிவத்தில் நானே வெளியே எடுக்க முடியுமா? ஒவ்வொரு பதிவையும் யார், எப்போது மாற்றினார்கள் என்று தெரியுமா? விற்பனை ஆள் எதைப் பார்க்கலாம், எதைப் பார்க்கக்கூடாது என்று நான் தீர்மானிக்க முடியுமா? இன்டர்நெட் போனால் பில் போட முடியுமா? வரி விதி மாறினால் அப்டேட் யார் பொறுப்பு, எவ்வளவு நாளில் வரும்? முதல் கேள்விக்குத் தெளிவான "முடியும்" வராவிட்டால் எழுந்து வந்துவிடுங்கள். உங்கள் தரவை உங்களால் எடுக்க முடியாத இடத்தில் வைப்பது, சாவியை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு வீடு கட்டுவது மாதிரி.

செலவைக் கணக்கிடும்போது லைசென்ஸ் விலை ஒரு பகுதிதான். பழைய தரவை மாற்றுவது, ஆட்களுக்குப் பயிற்சி, ஆண்டுக் கட்டணம், முதல் மாதங்களில் வேலை மந்தமாவது எல்லாவற்றையும் சேர்த்து மூன்று ஆண்டுக்குப் போட்டுப் பாருங்கள்.

கிளவுடா (இன்டர்நெட் வழியே அடுத்தவருடைய கம்ப்யூட்டரில் வைப்பது), சொந்த சர்வரா என்ற கேள்விக்குச் சிறு நிறுவனங்களுக்குப் பெரும்பாலும் கிளவுட்தான் பதில். சர்வரைப் பராமரிக்கத் தனி ஆள் வேண்டியதில்லை. ஆனால் யாருக்கு லாகின் கொடுப்பது, எதை பேக்கப் எடுப்பது என்ற பொறுப்பு அப்போதும் உங்களுடையதே.

படி 5: பழையதிலிருந்து புதியதற்கு மாறுதல்

மாதத் தொடக்கமோ, கணக்கு ஆண்டின் தொடக்கமோ ஒரு தேதியைக் குறியுங்கள். முந்தைய நாள் மாலை கிடங்கில் உள்ளதை ஆள் வைத்து எண்ணுங்கள். பழைய நோட்டில் உள்ள இருப்பை அப்படியே ஏற்றினால் பழைய பிழைகளும் புது வீட்டுக்குக் குடிவந்துவிடும். வாடிக்கையாளர்களின் பாக்கியையும் அவர்களிடம் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

ஒரு முழு மாதத்துக்குப் பழைய முறையும் புதிய முறையும் சேர்ந்தே ஓடட்டும். வேலை இரட்டிப்பாகும், எல்லோரும் முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளுங்கள். மாதக் கடைசியில் இரண்டின் கூட்டுத்தொகையும் ஒத்துவந்தால் பழையதை மூடுங்கள். ஒத்துவராவிட்டால் காரணம் தெரியும்வரை மூடாதீர்கள்.

விற்பனை உச்சத்தில் இருக்கும் பருவத்துக்கு முன்னால் இதைச் செய்யவே செய்யாதீர்கள். அமெரிக்காவின் ஹெர்ஷி சாக்லெட் நிறுவனம் தன் ஆர்டர், விநியோக அமைப்பை 1999 ஜூலையில் புதிய ஈ.ஆர்.பி. மென்பொருளுக்கு (எல்லாத் துறை வேலையையும் ஒரே இடத்தில் இணைப்பது) மாற்றியது. சாக்லெட் அதிகம் விற்கும் ஹாலோவீன் பண்டிகை வந்தபோது, கிடங்கில் சரக்கு இருந்தும் ஏறத்தாழ 10 கோடி டாலர் மதிப்புள்ள ஆர்டர்களை அனுப்ப முடியாமல் திணறியது. அவ்வளவு பெரிய நிறுவனம் அதைத் தாங்கி நின்றது. சிறு தொழிலுக்கு அந்த ஒரு பருவமே முழு ஆண்டு லாபமாக இருக்கலாம்.

படி 6: ஆட்கள்

படி 1இல் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த அதே ஆட்களை மென்பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதும் அழையுங்கள். தினமும் தரவை உள்ளிடுபவருக்கு அதனால் ஏதாவது ஒரு வேலை குறைய வேண்டும். முதலாளிக்கு அறிக்கை போகிறது, தனக்குக் கூடுதல் டைப்பிங் மட்டும்தான் என்றால் அவர் நுனிப்புல் மேய்வார், தரவு கெடும். கிடங்குக்காரருக்கு வரும் போன் பாதியாகக் குறைந்தது என்றால் அவரே சரியாகப் பதிவார்.

வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். அதை மூடி மறைக்காதீர்கள். யாருடைய வேலை எப்படி மாறும் என்று முன்கூட்டியே நேராகச் சொல்லுங்கள். வருடக்கணக்காக நோட்டில் கணக்கு எழுதியவருக்கு, எந்த வாடிக்கையாளர் எப்போது பணம் தருவார் என்ற விவரமெல்லாம் மனப்பாடம். அந்த அறிவு எந்த மென்பொருளோடும் வருவதில்லை.

ஒவ்வொரு பட்டியலுக்கும் ஒரு பொறுப்பாளர் இருக்கட்டும். புதிய பொருளைச் சேர்ப்பது அவர் மட்டும். இல்லாவிட்டால் ஒரே நாற்காலி மூன்று பெயரில் வந்து உட்கார்ந்துவிடும்.

படி 7: பாதுகாப்பும் பேக்கப்பும்

2017 ஜூனில் நாட்பெட்யா என்ற தீநிரல் (கம்ப்யூட்டர்களை முடக்கும் கெட்ட மென்பொருள்), உக்ரைனில் பரவலாகப் பயன்பட்ட ஒரு கணக்கு மென்பொருளின் அப்டேட் வழியாகப் பரவியது. கப்பல் போக்குவரத்தில் உலகின் முன்னணி நிறுவனமான மெர்ஸ்க் அதில் முடங்கியது. துறைமுகங்களில் கன்டெய்னர்கள் தேங்கின. 4,000 சர்வர்களையும் 45,000 கம்ப்யூட்டர்களையும் அவர்கள் பத்தே நாளில் மீண்டும் நிறுவினார்கள். யாருக்கு எந்த அனுமதி என்று சொல்லும் மையத் தரவின் பிரதிகள் எல்லாம் ஒன்றோடொன்று இணைந்தே இருந்ததால் ஒரே அடியில் அழிந்துபோயிருந்தன. கானாவில் ஒரு அலுவலகம் மட்டும் மின்தடையால் நெட்வொர்க்கிலிருந்து துண்டிக்கப்பட்டிருந்தது, அங்கிருந்த பிரதி தப்பியது. நிறுவனமே மீண்டது அதிலிருந்துதான்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ளவேண்டியது, இணைப்பில் இல்லாத ஒரு பிரதி கட்டாயம் வேண்டும் என்பது. 3-2-1 என்ற விதியைப் பின்பற்றுங்கள்: தரவுக்கு மூன்று பிரதி, இரண்டு வகை ஊடகத்தில் (ஹார்ட் டிஸ்க், கிளவுட் மாதிரி), ஒன்று வேறொரு இடத்தில். அவற்றில் ஒன்று, பேக்கப் எடுக்கும் நேரம் தவிர கம்ப்யூட்டரோடு இணைக்கப்படாத ஹார்ட் டிஸ்காக இருக்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றி, போன வாரத்து பில் ஒன்றைத் திறந்து பாருங்கள். திறந்து பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் என்று எண்ணுவதே இல்லை.

மற்றவை சுருக்கமாக. ஒவ்வொருவருக்கும் தனி லாகின். பொது பாஸ்வேர்டு கூடாது. மின்னஞ்சல், வங்கி, கிளவுட் கணக்குகளுக்கு இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு (பாஸ்வேர்டோடு போனுக்கு வரும் எண்ணையும் கேட்பது மாதிரி). அப்டேட்டைத் தள்ளிப்போடாதீர்கள். ஒருவர் வேலையை விட்டுப்போகும் அன்றே அவருடைய லாகின்களை மூடுங்கள். அதற்கு, யாருக்கு எதில் லாகின் இருக்கிறது என்ற பட்டியல் உங்களிடம் இருக்கவேண்டும். சப்ளையரின் வங்கிக் கணக்கு மாறிவிட்டது என்று மின்னஞ்சல் வந்தால், அதில் உள்ள எண்ணுக்கு அல்லாமல், உங்களிடம் முன்பே உள்ள எண்ணுக்குப் போன் செய்து கேட்காமல் பணம் அனுப்பக்கூடாது. நிறுவனங்கள் பணத்தை இழக்கும் வழிகளில் இது மிகச் சாதாரணமானது, தடுப்பதும் மிக எளிது.

படி 8: எண்களைப் பயன்படுத்துங்கள்

1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவின் ஓஹையோவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், இன்று கடைகளில் காணும் வகைப் பார்கோடு உள்ள பொருள் முதன்முதலாக ஸ்கேன் செய்யப்பட்டது. அது ஒரு சூயிங் கம் பாக்கெட். பில் போடும் வேகம் கூடியது உடனே தெரிந்த பலன். எந்தப் பொருள், எந்த மணிக்கு, எத்தனை விற்றது என்ற பதிவு விற்கும்போதே தானாக உருவானது அதைவிடப் பெரிய பலன். கொள்முதல் முடிவுகள் அதை வைத்து மாறின.

உங்களுக்கும் அப்படித்தான். தினமும் காலையில் ஒரு பக்கம் போதும்: மறு ஆர்டர் அளவுக்குக் கீழே போன பொருள்கள், கெடு தாண்டிய பாக்கிகள், சொன்ன தேதியில் போகாத டெலிவரிகள். ஒவ்வொரு வரிக்கும் அன்றைக்கே நடவடிக்கை எடுக்கும் ஆள் ஒருவர் இருக்கவேண்டும். யாரும் எதுவும் செய்யாத எண்ணை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுங்கள்.

மறு ஆர்டர் அளவைப் போடுவது எளிது. ஒரு நாள் விற்பனையை, சப்ளையர் சரக்கு அனுப்ப எடுக்கும் நாள்களால் பெருக்கி, கைக்காப்புக்கு (சரக்கு தாமதமானாலோ விற்பனை கூடினாலோ சமாளிக்க வைக்கும் உபரி இருப்பு) கொஞ்சம் கூட்டுங்கள். ஒரு நாளைக்கு 6 நாற்காலி விற்கிறது, மரம் வந்து செய்து முடிக்க 10 நாள், கைக்காப்பு 20 என்றால், இருப்பு 80க்கு வரும்போதே ஆர்டர் போடவேண்டும். இந்தக் கணக்கைச் செய்ய படி 3இல் சுத்தம் செய்த தரவு வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளை வைத்து விற்பனையைக் கணிக்க ஆசைப்பட்டாலும் அதே தரவுதான் வேண்டும். ஒரே நாற்காலி மூன்று பெயரில் இருந்தால் அந்தக் கருவியும் மூன்று பொருள் என்றே எண்ணும். வாடிக்கையாளர் விவரங்களை அத்தகைய கருவிகளில் ஏற்றும்முன், அவை அங்கே என்ன ஆகும் என்று அதன் நிபந்தனைகளைப் படித்துவிடுங்கள்.

மூன்று மாதம் கழித்து, படி 2இல் எழுதி வைத்த எண்களை எடுத்துப் பாருங்கள். "சரக்கு இருக்கா?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்கும் நேரம் குறைந்திருக்கிறதா, இல்லாத சரக்குக்கு ஒப்புக்கொண்ட ஆர்டர்கள் குறைந்தனவா? குறைந்திருந்தால் பட்டியலில் அடுத்த கேள்விக்குப் போங்கள். பெரும்பாலும் அது "பணம் வந்துடுச்சா?" என்பதாக இருக்கும். குறையவில்லை என்றால் புதிதாக எதையும் வாங்காமல், மறுபடி ஒரு ஆர்டரைத் தேர்ந்தெடுத்து, தகவல் எந்தக் கையில் நிற்கிறது என்று அந்த ஆளின் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.